லீவில் நின்றவளுக்குக் கிடைத்த பலகை

எங்கள் பிரதேச சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் விரும்பாத வேலை ஒன்று வந்தால், அன்றைக்கு லீவில் நிற்பவருடைய தலையில் அதைக் கட்டிவிடுவோம். விளையாட்டுப் போட்டிக் குழு, டெங்கு ஒழிப்புக் குழு, வருசப்பிறப்புக்குப் பாற்சோறு எல்லாவற்றுக்கும் இப்படித்தான் ஆள் பிடித்தோம். யார் பொறுப்பெடுப்பது என்று செயலாளர் கேட்பார். நாங்கள் எல்லாரும் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்ப்போம். பிறகு யாராவது ஒருவர் வராத ஆளின் பெயரை மெல்லச் சொல்வார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறும்.

புஷ்பவதி தகவல் உத்தியோகத்தர் ஆனதும் அப்படித்தான். அன்றைக்கு அவள் சம்பூரில் வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டில் நின்றாள். பெயரை மெல்லச் சொன்னது நான்தான். அதற்காக நான் இதுவரை வருத்தப்பட்டதில்லை.

சங்குமுனைச் சபைக்கு வந்து பாருங்கள். முன்வாசலில் நின்றால் துறைமுகமும் கோதுமை மாக் கப்பல்களும் தெரியும். உள்ளே வந்தால் வருமானப் பகுதியில் மரியமலராகிய நான். பக்கத்து மேசையில் புஷ்பவதி. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவரின் மூன்றாவது பெண். அவள் சிரித்தால் படகுக்கே கேட்கும். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் தன் பொரித்த மீனை எனக்கு வைத்துவிட்டு என் சம்பலை எடுத்துக்கொள்வாள். கேட்டு எடுக்கும் பழக்கம் அவளிடம் இல்லை.

சட்டம் இவ்வளவுதான். அரச அலுவலகத்திடம் சனம் எழுத்தில் கேட்கலாம்; கேட்டால் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். பதில் கொடுக்கிற ஆள் தகவல் உத்தியோகத்தர். அந்த ஆளின் பெயரை வாசலில் பலகையில் போடவும் வேண்டும். பலகை வந்தது. மூன்று மொழியிலும் புஷ்பவதி குலசிங்கம் என்று நீல எழுத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்காதவள், தேர்தலில் நிற்காதவள். அவள் பெயரை ஊர் கடைசியாக வாசித்தது கலியாண அழைப்பிதழில். பலகை மாட்டிய அன்று தேத்தண்ணி குடிக்க நாலு தரம் வெளியே போனாள். எங்கள் தேத்தண்ணி உள்ளேதான் ஊற்றுவது.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் சேலைத் தலைப்பால் பலகையைத் துடைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். ஆனால் ஒரு குருவியும் வந்து ஒரு விண்ணப்பம் போடவில்லை. வரி கட்ட வந்தவர்களை மறித்து, உங்களுக்கு அறிய வேண்டியது ஒன்றும் இல்லையா என்று விசாரித்துப் பார்த்தாள். அவர்கள் பயந்துபோய், இல்லை மிஸ், நாங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை என்று ஓடினார்கள்.

கடைசியில் விண்ணப்பம் வந்தது. கொண்டுவந்தவர் அவளுடைய புருசன்.

குலசிங்கம் ஓட்டோ ஓட்டுகிறவர். சிறுவர் பூங்கா வாசலில் வேப்பமரத்துக்குக் கீழேதான் அவருடைய இடம். பூங்கா என்றால் மதிலும் கேற்றும் உண்டு, உள்ளே புல்லும் உண்டு. மேயும் மான்களைத் தவிர வேறொன்றும் இல்லை. விளையாட வந்த பிள்ளைகள் என்ன செய்யும்? ஓட்டோவில் ஏறி நாலு பக்கமும் ஆட்டும். ஹோர்னை அமத்தும். அவர் சாப்பிட்டு வருவதற்குள் கூரைத் துணியில் சறுக்கிப் பார்க்கும். கூரை கிழிந்த அன்று குலசிங்கத்துக்கு ஒரு விசயம் ஞாபகம் வந்தது. சில வருசங்களுக்கு முந்தி, சபை உழவு இயந்திரத்தில் ஊஞ்சல் ஒன்றை ஏற்றிப்போனதைக் கண்ணால் கண்டவர் அவர். வீட்டில் கேட்டார். அலுவலக விசயம் வீட்டில் கதைக்க ஏலாது, விண்ணப்பம் போடுங்கோ என்றாளாம் புஷ்பவதி. மனிசன் ரோசக்காரர். அடுத்த நாளே வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு வந்து, அவளுடைய மேசைக்கு முன்னால் நின்றார்.

"மேடம், ஒரு தகவல் கேட்டு வந்தனான்."

"இருங்கோ. பெயரைச் சொல்லுங்கோ" என்றாள் அவள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

நான் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. அவரிடம் அடையாள அட்டை கேட்டாள். விலாசம் கேட்டாள். அது அவளுடைய விலாசமும்தான். பூங்காவுக்கென்று வாங்கிய ஊஞ்சல் எங்கே என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. பற்றுச்சீட்டில் ஒன்றுக்கு இரண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சந்தோசத்தில்தான்.

ஊஞ்சல் எங்கே என்று எங்களுக்கெல்லாம் தெரியும். அலுவலகத்துக்குப் பின்னால் களஞ்சியத்தில், தறப்பாள் துணிக்குக் கீழே. யாரும் களவெடுக்கவில்லை. நினைவுக்கல்தான் பிரச்சினை. எங்கள் நாட்டில் கல்லும் நாடாவும் பிரதம விருந்தினரும் இல்லாமல் ஒரு குழாய்க்கிணறும் திறக்க ஏலாது. கல்லில் அப்போது சபைத் தலைவராயிருந்த தவிசாளருடைய பெயரை வெட்டி முடித்த கையோடு சபை கலைந்துபோனது. இப்போது புதுத் தவிசாளர் வந்திருக்கிறார். பழைய பெயர் உள்ள கல்லை அவர் திறப்பாரா? புதுக் கல் வெட்டினால் பழையவருடைய ஆட்கள் விடுவார்களா? ஊஞ்சலும் கல்லும் களஞ்சியத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

செயலாளர் புஷ்பவதியைக் கூப்பிட்டார். கெட்ட மனிசன் இல்லை, பயந்த மனிசன். கேட்டது உங்கடை ஆள்தானே மிஸ், வீட்டில் சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்கப் பண்ணுங்கோ என்று நயமாகச் சொன்னார். புல்மோட்டைப் பக்கத்தில் ஒரு வெற்றிடம் இருக்குது, அங்கே அனுபவமுள்ள ஆள் கேட்கிறார்கள் என்றும் சொல்லிவைத்தார். புல்மோட்டைக்குப் போனால் விடிய முதல் பஸ், பொழுதுபட்டு வீடு. அவளுடைய கதிரையும் என் சம்பலும் இந்தப் பலகையும் இங்கேயே நின்றுவிடும். அன்று மத்தியானம் அவள் மீனைத் தானே தின்றாள். என் சம்பல் அப்படியே கிடந்தது.

அன்று பின்னேரம் குலசிங்கம் அவளை ஏற்ற வந்தபோது நான் விசயத்தைப் போட்டு உடைத்தேன். மனிசன் அப்படியே வாடிப்போனார். சேட்டுப் பையிலிருந்து பற்றுச்சீட்டை எடுத்தார்.

"இந்தாரும். நான் திருப்பி எடுக்கிறன். ஊஞ்சல் கிடந்தால் கிடக்கட்டும்."

அவள் அதைக் கையால் தொடவில்லை. "இவ்வளவு காலத்தில எனக்கு வந்தது இது ஒண்டுதான். இதையும் நீங்கள் திருப்பி எடுத்தா, நான் பிறகு என்னத்துக்கு அந்தப் பலகையைத் துடைக்கிறது?"

மனிசன் பற்றுச்சீட்டைத் திரும்பப் பையில் வைத்தார். அடுத்த நாள் பதிலை எழுதினாள். ஊஞ்சல் சபையின் களஞ்சியத்தில் நல்ல நிலையில் உள்ளது. நினைவுக்கல்லில் யாருடைய பெயரை இடுவது என்று முடிவாகாததால் பூங்காவில் பொருத்தப்படவில்லை. அவ்வளவுதான். பதிவுத் தபாலில் தன் வீட்டு விலாசத்துக்கே அனுப்பினாள். தபால்காரர் கொண்டுபோனபோது வீட்டில் அவள்தான் நின்றாளாம். விண்ணப்பதாரர் வந்து வாங்கட்டும் என்று குலசிங்கத்தைக் குளிக்கிற இடத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறாள்.

குலசிங்கம் அதைப் பெரிதாக்கி, லெமினேட் பண்ணி, ஓட்டோவுக்குப் பின்னால் ஒட்டினார். மற்ற ஓட்டோக்காரர் பின்னால் அம்மாவின் ஆசி என்று எழுதுவார்கள். இவருடைய ஓட்டோவில் ஊஞ்சல் களஞ்சியத்தில் உள்ளது என்று இருந்தது. பஸ் நிலையத்தில், மீன் சந்தையில், லிங்கநகர்ச் சந்தியில் பின்னால் நின்ற வண்டியெல்லாம் வாசித்துச் சிரித்தது. ஒரு கிழமை முடிவதற்குள் புதுத் தவிசாளருடைய மச்சானே கலியாண வீட்டில் வைத்து, கல்லுக்கு ஒரு பெயர் நான் சொல்லட்டுமா என்று அவரைக் கேட்டுவிட்டார்.

ஒரு காலையில் ஊஞ்சல் பூங்காவில் நின்றது. கல் இல்லை, நாடா இல்லை, பேச்சு இல்லை. பிரதம விருந்தினர் ஆறு மான்கள். பிள்ளைகள் வர முதலே புஷ்பவதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். குலசிங்கம் பின்னால் நின்று ஆட்டினார். சங்கிலி கத்திய கத்தலில் மான்கள் மதில் பாய்ந்தன.

ஆனால் இடமாற்றக் கடிதமும் வந்தது. புல்மோட்டை. அவள் அழவில்லை. அங்கே அறை பார்த்துவர லீவு போட்டுவிட்டு, புருசனுடைய ஓட்டோவில் நிலாவெளி வழியே புறப்பட்டாள்.

அன்றைக்கே செயலாளர் கூட்டம் வைத்தார். புதுத் தகவல் உத்தியோகத்தரைத் தெரிவுசெய்ய வேண்டும். ஊஞ்சலுக்குப் பிறகு ஊருக்கு ருசி பிடித்துவிட்டது. தெருவிளக்கு, கழிவுநீர்க் கான், சந்தைக் கூரை என்று விண்ணப்பத்தோடு வாசலில் வரிசை. ஆளைப் போடாவிட்டால் சட்டப்படி அலுவலகத் தலைவரே அந்த ஆள், அதாவது செயலாளர். எங்கள் வழக்கம் தெரிந்தபடியால் அன்றைக்கு மிச்சப் பேர் ஒருவரும் லீவு எடுக்கவில்லை. சாரதி ஜக்சன் காய்ச்சலோடு போர்வை போர்த்துக்கொண்டு வந்திருந்தான். செயலாளர் கேட்டார். எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தோம். அவரும் பார்த்தார்.

நான் மெல்ல எழும்பினேன்.

"சேர், இண்டைக்கு லீவில நிக்கிறது ஒரே ஒரு ஆள்தான்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. செயலாளர்தான் முதலில் கை உயர்த்தினார். மாற்றத்தைத் தானே பேசி நிற்பாட்டுவதாக எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

ஓடிப்போய் அவளுக்கு ஃபோன் எடுத்தேன். குச்சவெளியில் ஓட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு வடை தின்றுகொண்டிருந்தார்கள். விசயத்தைச் சொன்னேன். அவளுக்குப் பின்னால் கடல் இரைந்தது.

"மலர், பலகையைக் கழட்டிப்போட்டாங்களோ?"

"இல்லையடி. இருக்குது."

"காலமை ஆராவது துடைச்சவையோ?"

ஓம் என்றேன். ஃபோனை வைத்துவிட்டு வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், சேலைத் தலைப்பால் துடைத்தேன்.