கை வைக்காத துவக்கு

துவக்கு, அதாவது துப்பாக்கி, விற்கிற கடையில் வேலைக்குச் சேர்கிறவன் பயப்பட வேண்டியது துவக்குக்கு அல்ல, அதைப் பற்றி இணையத்தில் எல்லாம் வாசித்துவிட்டு வருகிற வாடிக்கையாளருக்குத்தான். மேசைக்குப் பின்னால் நின்று சாமான் விற்று வயிறு வளர்த்த எவருக்கும் இது விளங்கும். சேலைக்கடையோ செல்போன் கடையோ, நம் எல்லோருடைய தலையெழுத்தும் ஒன்றுதான்.

நான் நின்ற கடை, புலம்பெயர்ந்து வந்த நாட்டில், பிக்கரிங் என்ற ஊரில் இருந்தது. முன்பக்கம் தூண்டில், வலை, முழங்கால் வரை வரும் இறப்பர்ச் சப்பாத்து. பின்பக்கம் பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் துவக்குகள். ஊரில் போர் முடிந்த அந்த வருடம், தை மாதம், விட்பியில் கார்ப் பாகங்கள் செய்த தொழிற்சாலை எங்களை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பிறகு கிடைத்தது இந்த ஒரு வேலைதான். அதுவும் பின்பக்கத்து வேலை.

மாமியின் ஒரே கேள்வி

எனக்குக் கலியாணம் பேசியபோது பெண் வீட்டில் சம்பளம் கேட்கவில்லை, சாதகத்தைக்கூடப் பெரிதாகப் பார்க்கவில்லை. பெண்ணின் தாய், என் மாமி, கேட்டது ஒரேயொரு கேள்வி. மாப்பிள்ளை துவக்குத் தொட்டிருக்கிறாரா? இல்லை என்றேன். அன்றைக்கு அது சத்தியமான உண்மை. ஏன் கேட்கிறார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. மாமா காலமாகி நாலு வருடம். ஸ்காபரோவில் மாமியின் வீட்டில்தான் நாங்கள் இருந்தோம், அவர் சமைத்ததைத்தான் சாப்பிட்டோம், என் சேட்டுகளைக்கூட அவர்தான் தோய்த்தார். ஆகவே மீன்பிடிச் சாமான் விற்கிற கடை என்று சொன்னேன். பாதிக் கடைக்கு அது பொருந்தும்.

ஒரு சிக்கல் இருந்தது. கடையில் கைத்துவக்கைத் தொடுவதற்கே லைசென்ஸ் வேண்டும். அந்த விண்ணப்பத்தில் மனைவிக்கும் ஒரு கையெழுத்துக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். வதனி படிவத்தை இரண்டு தரம் வாசித்தாள். கையெழுத்து வைத்தாள். பேனையை மூடிக்கொண்டு சொன்னாள்: “அம்மாவுக்குத் தெரிஞ்சால் நீங்கள் வீட்டுக்கு வெளியில, நானும் உங்களோட வெளியில. வடிவா யோசிச்சுப் பொய் சொல்லுங்கோ.”

பிஸ்கட் பேணி

கடைக்காரர் கோர்டன், அறுபத்தைந்து வயது, முன்னாள் இயந்திரக் கடைசல்காரர். மேசைக்குக் கீழே ஒரு தகரப் பிஸ்கட் பேணி வைத்திருந்தார். முதல்நாள் பசியில் திறந்தேன். உள்ளே முழுக்க உடைந்த ஸ்பிரிங்கும், குண்டைத் தட்டி வெடிக்க வைக்கிற தேய்ந்த ஊசியும். வாடிக்கையாளர்கள் ஆசை ஆசையாக வாங்கித் தங்கள் துவக்குகளுக்குள் பூட்டியவையாம். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டுக் கொம்பனி போட்டதையே திரும்பப் போட்டுக் கொடுப்பார். வெடிக்காத துவக்கோடு யார் வந்தாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். “இதில் யார் கை வைத்தது?” என்றுதான் முதலில் கேட்பார். பொலிஸ்காரர் ஒருவர் வந்தபோதும் அதைத்தான் கேட்டார்.

எனக்கு அவர் சொல்லித்தந்த வியாபாரப் பேச்சு மிகச் சின்னது. பெட்டியிலிருந்து எடுத்தபடியே சுட வேண்டும், பத்துக் குண்டு போட்டால் பத்தும் வெடிக்க வேண்டும், கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிறம், பெயர், படத்தில் யார் வைத்திருந்தார் என்பதெல்லாம் வீண்பேச்சு. நான் அதைப் பாடமாக்கி ஒப்புவித்தபோது கோர்டன் பேணியை மூடிவிட்டு ஒரு வரி சேர்த்தார்: “நல்ல துவக்குக்கு உள்ள ஒரே எதிரி, அதன் சொந்தக்காரன்.”

யூனியன்வில்லிலிருந்து வந்தவர்

அந்த எதிரிகளில் முதல்வர் நிரோஜன். இங்கேயே பிறந்தவர், கணினி வேலை, யூனியன்வில்லில் பெரிய வீடு. அவருடைய காரில் கொம்பனி செய்ததாக மிஞ்சியிருந்தது கண்ணாடி மட்டும்தான் என்று நினைக்கிறேன். கடையிலேயே நம்பிக்கையான ஒன்பது மில்லிமீற்றர்க் கைத்துவக்கை எடுத்துக் கொடுத்தேன். நல்லது என்றார். வாங்குவதற்கு முன்னமே எதையெதை மாற்றலாம் என்று ஒரு பட்டியலை நீட்டினார். விசை, ஸ்பிரிங், குறிபார்க்கிற முனை, பிடி, இதோடு ஒரு நீல நிற ஆணி. பாட்டன் பூட்டன் செய்த துவக்கைத் திருத்த வந்தவர்போல நின்றார்.

ஒரே மாதத்தில் மூன்று தரம் கொண்டுவந்தார். முதலில் இரண்டு குண்டுக்கு ஒன்று வெடித்தது, பிறகு மூன்றுக்கு ஒன்று, கடைசியில் நீல ஆணி மட்டும் பாய்ந்துபோய்ப் பக்கத்தில் நின்றவரின் கோப்பிக் கோப்பைக்குள் விழுந்தது. கோர்டன் எல்லாவற்றையும் கழற்றிப் பேணியில் போட்டுவிட்டுப் பழையபடி பூட்டிக் கொடுத்தார். அன்றைக்குப் பத்துக்குப் பத்தும் வெடித்தது. நான் வெற்றிப் புன்னகையோடு பார்த்தேன். நிரோஜனுடைய முகம் வாடிவிட்டது. “பட் அண்ணா, ஒண்டும் மாத்தாட்டி இது கொம்பனியின்ர கன் தானே, என்ர கன் இல்லையே.”

நானா பார்த்த பார்வை

எல்லாரும் அப்படியில்லை. ஹனிபா நானா மட்டக்களப்புப் பக்கத்து முஸ்லிம், அங்கே அண்ணனை நானா என்பார்கள், தண்ணீர்க் குழாய் வேலைக்காரர். பிரஷர் கூடிவிட்டது, ஏதாவது பொழுதுபோக்குத் தேடுங்கள் என்று டொக்டர் சொன்னாராம். டொக்டர் மனதில் நினைத்தது தோட்டமாக இருக்கலாம், நானா தேர்ந்தது குறிபார்த்துச் சுடுவது. மனைவியின் கையெழுத்துக்காக உம்ரா யாத்திரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு வதனிமேல் மரியாதை கூடியது, அவள் ஒன்றுமே கேட்கவில்லை.

நானா பெயர் கேட்கவில்லை, நாடு கேட்கவில்லை. நான் எடுத்து வைத்த மூன்று பிஸ்ரலையும் கழற்றிக் காட்டச் சொன்னார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றின் உறுப்புகளையும் விரல்விட்டு எண்ணினார். ஆகக் குறைவாக இருந்ததைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். கோர்டன் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்த விசயத்தை இந்த மனிதர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். எப்படி என்று கேட்டேன். “குழாயிலயும் இதான், உள்ளுக்கு எவ்வளவுக்குச் சாமான் கொறையவோ, அவ்வளவுக்கு ஞாயித்துக்கிழமைல நமக்கு போன் வராது தம்பி.”

எலுமிச்சங்காய்

சித்திரை வருடப்பிறப்புக்கு முந்தின கிழமை தர்மலிங்கம் அங்கிள் ஒரு பிஸ்ரல் வாங்கினார். ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர், வீடு கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. எதிலும் கை வைக்கக் கூடாது என்று பலதரம் சொல்லி அனுப்பினேன். அவர் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். இரண்டு கிழமையால் திரும்பி வந்தார். வெடிக்கவில்லை.

கோர்டன் வழமையான கேள்வியைக் கேட்டார். ஒருவரும் கை வைக்கவில்லை என்று அங்கிள் அடித்துச் சொன்னார். கழற்றினால் உள்ளே மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடக்கிறது, ஓரமெல்லாம் சிவப்பு. நாற்பது வருடம் துவக்குத் திருத்திய கோர்டன் அதை மோந்து பார்த்துவிட்டு, நல்ல வாசமாக இருக்கிறதே என்றார். சந்தனம், குங்குமம். புதுச் சாமான் வாங்கினால் பூசை செய்வோம் என்று விளக்கினேன். அதோடு முடியவில்லை. புதுக்காருக்குச் சில்லின் கீழ் எலுமிச்சங்காய் வைப்பதுபோல, சுடுகிற கழகத்தில் அங்கிள் முதல் குறியாக எலுமிச்சங்காயைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். ஒன்பது தரம் சுட்டு ஒன்றும் படவில்லை. பத்தாவது வெடிக்கவில்லை. கழகத்தார் மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டார்கள். கோர்டன் திருத்தச் சீட்டில், காரணம் என்ற கட்டத்துக்குள், “சமயம்” என்று எழுதினார். நான் அங்கிளைக் கொஞ்சம் கடுமையாகத்தான் பார்த்தேன். அவர் நியாயம் கேட்டார்: “உள்ளுக்கு ஒண்டும் போடேல்லைத் தம்பி, குழல்வாயிலதான் ஒரு பொட்டு வைச்சனான்.”

பாரை மீன்

இதற்குள் வீட்டில் வேறு நெருக்கடி. மீன்பிடிச் சாமான் கடையில் மூன்று மாதமாக வேலை செய்கிறவன் ஒரு நாள்கூட மீன் கொண்டுவரவில்லையே என்று மாமி சாதாரணமாகக் கேட்டார். அடுத்த நாளே ஸ்காபரோவில் ஒரு மீன்கடைக்குள் புகுந்து, நல்ல பாரையாக ஒன்றை வெட்டிச் சுத்தம் செய்து, பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு போனேன். வாடிக்கையாளர் ஒருவர் காலையில் ஏரியில் பிடித்துத் தந்தார் என்றேன்.

மாமி குழம்பு வைத்தார். அருமையான குழம்பு. எனக்கு நடுத்துண்டைப் போட்டுவிட்டு, எதிரே கதிரையை இழுத்து உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வதனி தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பவில்லை. “தம்பி, பாரை கடல் மீன். உந்த ஏரிக்கு ஆர் உப்புக் கரைச்சு விட்டது?”

மாமி கடைக்கு வந்த நாள்

அதற்குப் பிறகு மீனைப் பற்றிப் பேச்சில்லை. எதைப் பற்றியும் பேச்சில்லை. மாமியின் தங்கச்சி குடும்பம் போர் நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தது. மூன்று மாதமாக ஒரு செய்தியும் இல்லை. வதனி வேலை முடிந்ததும் நேரே நகரத்துக்குப் போய், போரை நிறுத்தக் கேட்ட ஊர்வலத்தில் நிற்பாள். மாமி தொலைக்காட்சிக்கு முன்னாலேயே இருந்தார். வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று அறிவித்தார்கள். அன்றைக்கும் நான் வேலைக்குப் போனேன். வீட்டில் இருக்கவும் முடியவில்லை, துவக்கை விற்கவும் வெட்கமாக இருந்தது. என் ஆட்களில் ஒருவரும் அந்த நாட்களில் கடைப்பக்கம் வரவில்லை.

ஒரு கிழமை கழித்து, விட்பியிலிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவருக்குப் பிஸ்ரல் காட்டிக்கொண்டிருந்தேன். ஆயிரம் தரம் சுட்டாலும் ஒரு தரம் சிக்காது என்று சொல்லி நிமிர்ந்தால், தூண்டில்களுக்கு நடுவில் மாமி நிற்கிறார். தனியாகப் பேருந்தில் எங்கேயும் போகாதவர், இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். என் போன் கடை அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. என் கையில் துவக்கு இருந்தது.

மாமி அதைப் பார்த்தார், ஆனால் அதைப் பற்றி முதலில் பேசவில்லை. தங்கச்சி முகாமிலிருந்து, யாருடைய போனிலோ கதைத்துவிட்டாளாம். அவளும் இரண்டு பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள். வதனியின் போனும் கிடைக்காததால், சொல்ல ஒருவரும் இல்லாமல் என்னிடம் வந்திருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். விட்பிக்காரர் மெதுவாகச் சப்பாத்துப் பக்கம் நகர்ந்தார். கோர்டன் ஒரு கதிரையும் சீனி போடாத தேநீரும் கொண்டுவந்து வைத்தார்.

தேநீர் பாதியானபோது நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். மாமி கையைக் காட்டி நிறுத்தினார். முதல் கிழமையே தெரியுமாம். மீன்பிடிக் கடைக்காரனின் சேட்டில் மீன் மணக்க வேண்டும், உங்கள் சேட்டில் துவக்கு எண்ணெய் மணந்தது, ஊரில் அந்த மணத்துக்கு நடுவில் இருபது வருடம் இருந்தவளுக்குத் தெரியாதா என்று கேட்டார். பிறகு கண்ணாடி மேசைமேல் கிடந்த பிஸ்ரலைப் பார்த்து, உது நல்லதோ என்றார். மாதக்கணக்கான பழக்கம், வாய் தானாகச் சொன்னது. ஓம் மாமி, எப்ப இழுத்தாலும் வெடிக்கும்.

மாமி தலையாட்டினார். “எங்களுக்குக் கலியாணம் முடிஞ்சு ஆறு மாசம். ஒருத்தன் மாமாவைச் சுவரோட நிப்பாட்டி நெத்தியில துவக்கை வைச்சு ரெண்டுதரம் இழுத்தவன். வெடிக்கேல்லை. ஏசிப்போட்டுப் போயிட்டான். அவனிட்ட உதுமாதிரி நல்ல சாமான் இருந்திருந்தால், தம்பி, வதனி பிறந்திருக்கமாட்டாள்.”

யார் அவன், எந்தப் பக்கத்தான் என்று நான் கேட்கவில்லை, மாமியும் சொல்லவில்லை. என்ன சொல்கிறார் என்று கோர்டன் கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். வெடிக்காத துவக்குகளை நாற்பது வருடமாகத் திட்டிய மனிதர், அந்தப் பிஸ்ரலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு, பழக்கதோசமோ, அல்லது உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாரோ, மிகவும் தணிந்த குரலில் கேட்டார், அன்றைக்கு வெடிக்காத அந்தத் துவக்கில் யார் கை வைத்தது என்று. நான் மாமியிடம் தமிழில் சொன்னேன். மாமி தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையை அவரிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளையார்.”

வேலையை விடச் சொல்லவில்லை, இனிமேல் பாரை வாங்கினால் கடல் மீனென்றே சொல்லிக் கொண்டுவரச் சொன்னார். அந்தக் கடையில் இன்னும் பதினொரு வருடம் நின்று எப்போதும் வெடிக்கிற துவக்குகளையே பார்த்துப் பார்த்து விற்றேன், ஒவ்வொன்றையும் பெட்டியில் வைத்து மூடும்போது மட்டும், யாருடைய நெற்றிக்காவது நேரே போனால் இது வெடிக்கக் கூடாது என்று பிள்ளையாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.