பக்கத்து பிரேசில் கடையும் நான் எழுதிய முறைப்பாடும்

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பிரேசில் சாப்பாட்டுக் கடை வருவதற்கு முன்பு அந்த இடத்தில் கம்பளம் விற்றார்கள். கம்பளக் கடையைப்போல நல்ல அயலவர் கிடைப்பது அரிது. பத்து வருடத்தில் அங்கிருந்து ஒரு தும்மல் சத்தம்கூட வந்ததாக எனக்கு நினைவில்லை.

நாங்கள் இருப்பது லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில், பெரிய வீதியில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேலேயுள்ள இரண்டு அறை வீடு. எனக்குப் பார்சல் பிரிக்கும் கிடங்கு ஒன்றில் இரவு வேலை. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து ஞாயிறு காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவேன். மனைவி தேவாலயப் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பாள். ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்தால், பின்னேரம் நாலு மணிக்குத்தான் கண் திறப்பேன். கிழமையில் எனக்குக் கிடைக்கும் ஒரே முழு நித்திரை அது.

புதுக் கடை திறந்து மூன்றாவது ஞாயிறு, மதியம் ஒரு மணிக்கு, என் தலைமாட்டுச் சுவருக்குள்ளிருந்து யாரோ மேளம் அடித்தார்கள். முதலில் கனவென்று நினைத்தேன். பிறகு கட்டிலின் கால் அதிர்வது தெரிந்தது. மனைவி குசினியில் மீன் கழுவிக்கொண்டு நின்றாள்.

"இது என்ன சத்தம்?" என்றேன்.

"கடையில பாட்டு வைச்சிருக்கினம். ஞாயிறு மத்தியானம் ஆக்கள் வந்து வாசிக்கினமாம். வாசலில எழுதிப் போட்டிருக்கு" என்றாள், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

அடுத்த ஞாயிறும் அப்படியே. நான் உள்ளூராட்சிக் கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதினேன். அவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எப்படியான சத்தம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் குறித்து அனுப்பவேண்டும். நித்திரை கெட்ட கோபத்தில் கட்டிலில் இருந்தபடியே ஒன்றும் விடாமல் குறித்தேன். தபாலில் போட்ட பிறகு, நான் வைத்திருந்த பிரதியை மனைவி எடுத்து உரக்க வாசித்தாள்.

"ஒண்டு ஐஞ்சு, மேளம். ஒண்டரை, மேளம், கிற்றார், கைதட்டல். ரெண்டு பத்து, பாட்டு, பெண் குரல். ரெண்டு இருபத்தைஞ்சு, அதே பாட்டு திரும்பவும், இந்த முறை வடிவாப் பாடினவ." அவள் தாளை இறக்கி என்னைப் பார்த்தாள். "இது முறைப்பாடோ, இல்லாட்டி ரேடியோக்கு விமர்சனம் எழுதிறியளோ?"

"அதிகாரிக்கு விளங்கவேணும் எண்டு விபரமா எழுதினனான்."

"சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சனத்தோட ஒரு வார்த்தை கதைக்காமல் கவுன்சிலுக்கு எழுதலாமே? போய் நேர கேப்பம்."

"அப்ப நான் போறன். நீர் நில்லும்."

"நீங்கள் தனியப் போனால் கத்துவியள். பிறகு அவையள் உங்களைப் பற்றிக் கவுன்சிலுக்கு எழுதுவினம். நானும் வாறன்."

அடுத்து வந்த ஞாயிறு நான் படுக்கவில்லை. பன்னிரண்டரைக்கு முகம் கழுவி, சேர்ட் மாற்றி, சொல்லவேண்டியதை மனதுக்குள் ஆங்கிலத்தில் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு இறங்கினேன். கடை சின்னது. பத்து மேசை இருக்கும். பக்கச் சுவரோடு, அதாவது மேலே என் தலைமாட்டுக்கு ஏறும் அதே சுவரோடு, ஒருவர் பெரிய மேளத்தை இறுக்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் துணியால் தலைமுடியைக் கட்டியிருந்த ஒரு பெண், எங்கள் வயது இருக்கும், விறுவிறுவென்று வந்தார். அவர்தான் கடைக்காரி. நான் வாயைத் திறப்பதற்குள் எங்களை ஒரு மேசைக்குக் கூட்டிப்போய்விட்டார்.

நாங்கள் சாப்பிட வரவில்லை என்று சொல்லப்போனேன். அதற்குள் மனைவி இருந்துவிட்டு உடனே எழும்பினாள்.

"இஞ்சருங்கோ, இந்தக் கதிரை ஆடுது. மற்றக் கதிரையை இழுத்துப் போடுங்கோ."

போய்க்கொண்டிருந்த கடைக்காரி நின்று திரும்பினார். "கதேய்ரா?" என்றார், ஆடிய கதிரையைத் தொட்டுக் காட்டி.

"கதிரை" என்றாள் மனைவி.

"எங்கள் மொழியிலும் அதுதான். கதேய்ரா. நீங்கள் போர்த்துக்கலா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தமிழ், இலங்கை என்றோம். அவர் நம்பாதவராக மேசையைத் தட்டினார். "இது?"

"மேசை."

"மேசா!" அவர் கத்தியதில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரையும் பிடிக்க ஏலவில்லை. மனைவி பள்ளிக்கூடம் ஒன்றின் குசினியில் வேலை செய்பவள். அவள் குசினி என்றதும் கடைக்காரி "கொசீஞ்ஞா" என்று தன் குசினியைக் காட்டினார். மனைவி தன் காலைத் தூக்கிச் சப்பாத்து என்றாள், அவர் "சப்பாத்து" என்றே திருப்பிச் சொன்னார். சாவி, யன்னல், கோப்பை, முகம் துடைக்கும் லேஞ்சி. பாண் என்றதும் அவர் உள்ளே ஓடிப்போய் ஒரு கூடை நிறையச் சின்னச் சின்னப் பாண் உருண்டைகளோடு வந்தார். சுடச்சுட, உள்ளே பாற்கட்டி இழுபட்டது.

"யார் யாரிடம் வாங்கியது?" என்று கேட்டார்.

போர்த்துக்கேயர் எங்கள் கரைக்கும் வந்து ஆண்டுவிட்டுப் போனவர்கள் என்று நான் விளக்கத் தொடங்கினேன். மனைவி என்னை முடிக்க விடவில்லை. "மிச்சம் எல்லாத்தையும் கொண்டுபோனாங்கள், கதிரையை மட்டும் விட்டிட்டுப் போனாங்கள் எண்டு சொல்லுங்கோ" என்றாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். கடைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்களுக்கும் அதே கதைதான்" என்றார்.

எங்களிடம் ஒன்றும் கேட்காமலே சாப்பாடு வந்தது. பன்றி இறைச்சியும் கறுத்த அவரை விதையும் போட்டு மணிக்கணக்கில் அவித்த குழம்பு, வெள்ளைச் சோறு, வறுத்த மரவள்ளி மா, பக்கத்தில் தோடம்பழத் துண்டு. பிறகு தேங்காய்ப்பாலில் இறால். மனைவி ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். "உறைப்பு மட்டும்தான் காணாது" என்றாள். குடிக்கக் கொடித்தோடம்பழச் சாறு.

அப்போது மேளம் தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்து கேட்கும்போது அது என் தலையில் விழும் அடியாகத்தான் இருந்தது. இங்கே அதற்கு மேலே கிற்றாரும், கிற்றாருக்கு மேலே குரலும், எல்லாவற்றுக்கும் இடையில் கரண்டிச் சத்தமும் இருந்தன. பாடியது கடைக்காரிதான். தட்டு வைத்துவிட்டு வந்து ஒரு பாட்டு, பிறகு தட்டு எடுக்கப் போய்விட்டு வந்து இன்னொரு பாட்டு. மேளம் அடித்தவர் அவருடைய தம்பி. என் மனைவி மன்னார்க்காரி. கலியாண வீடுகளில் பைலாப் பாட்டு தொடங்கினால் ஆடுவதற்கு முதலில் எழும்பும் ஆள். கதிரையில் இருந்தபடி தோளை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

படியேறும்போது கேட்டாள். "சொல்லிட்டியளோ?"

"வாய் நிறையச் சாப்பாடு. அடுத்த கிழமை சொல்லுறன்."

அடுத்த கிழமையும் போனோம். அதற்கடுத்த கிழமையும். நான் சொல்லவில்லை. கவுன்சிலுக்குத் தொலைபேசியில் பேசி முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கவும் இல்லை. மறந்துவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நித்திரையில்லாமல் திங்கட்கிழமைகளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடையும் வேண்டும், நித்திரையும் வேண்டும், ஆனால் அதை நான் வாயால் சொல்லாமல் வேறு யாராவது சொன்னால் நல்லது என்று இருந்தது.

சொல்ல ஆள் வந்தது. நான்காவது ஞாயிறு, இரண்டு மணியளவில். அன்று கடைக்காரியின் தம்பி என் கையில் ஒரு தகரக் குலுக்கியைத் தந்திருந்தார். உள்ளே ஏதோ மணிகள் போட்டது, தாளத்துக்குக் குலுக்கவேண்டும். நான் குலுக்கிக்கொண்டிருந்தபோது, கழுத்தில் கவுன்சில் அடையாள அட்டை தொங்க, சத்தம் அளக்கும் கருவியோடு ஒருவர் உள்ளே வந்து கடைக்காரியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். பாட்டு நின்றது.

"முறைப்பாடா? யார்?" என்றார் கடைக்காரி. பெயர் சொல்ல முடியாது, பக்கத்தில் இருக்கும் ஒருவர் என்றார் அதிகாரி. கடைக்காரியின் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. "திறந்த அன்று இந்த வரிசையில் எல்லாக் கடைக்கும் கேக் கொடுத்தேனே" என்றார். பிறகு யன்னலால் பார்த்து, "எனக்குத் தெரியும். அந்த முடிவெட்டும் கடைக்காரர். ஒரு நாளும் சிரித்ததில்லை" என்றார்.

அந்த முடிவெட்டுபவரிடம்தான் நான் தலை கொடுப்பது. பாவம், பல்லு வலிக்காரர். மனைவி கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

நான் எழும்பினேன். கையிலிருந்த குலுக்கி சத்தம் போட்டதில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"அவர் இல்லை. நான்தான் எழுதினேன்" என்றேன்.

கடைக்காரிக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "நீங்களா? என் அவரைக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு?"

"எழுதியது முதல். சாப்பிட்டது பிறகு."

யாரோ ஒருவர் சிரித்தார். கடைக்காரி சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டார். அதிகாரி என் கையிலிருந்த குலுக்கியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர். நீங்கள் இரண்டு பகுதியும் பேசித் தீர்த்தால் எங்களுக்கு அறிவித்துவிடுங்கள், அதோடு முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். குலுக்கியை மேசையில் வைத்துவிட்டு நாங்களும் வந்துவிட்டோம்.

அந்தக் கிழமை வேலையிலும் கடைக்காரியின் அந்த முகம்தான் எனக்குக் கண்ணில் நின்றது. புதன்கிழமை மனைவி ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்து ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுபோனாள். "வாங்கினவ. தாங்க்ஸ் எண்டா. வேற கதையில்லை" என்று வந்து சொன்னாள். வெள்ளிக்கிழமை எங்கள் கதவு மணி அடித்தது. கடைக்காரி தட்டோடு நின்றார். தட்டு நிறையப் பாண் உருண்டை.

"மேளம் உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று நானும் கேட்டுப் பார்க்கவேண்டும்" என்றார். "திங்கட்கிழமை கடை பூட்டு. உங்கள் அறையைக் காட்டுங்கள்."

திங்கட்கிழமை மனைவி பள்ளிக்கூடம் முடிந்து ஓடிவந்து கட்டில் விரிப்பை மாற்றினாள். கடைக்காரி வந்தார். தம்பி கீழே மேளத்தோடு தயார், இருவர் கையிலும் தொலைபேசி. அவர் முதலில் சுவரில் காதை வைத்தார். பிறகு, "நீங்கள் எப்படிப் படுப்பீர்கள்?" என்று கேட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கட்டிலில் நான் படுக்கும் பக்கத்தில், என் தலையணையில் தலை வைத்துப் படுத்தார். தம்பி அடித்தார். கட்டில் அதிர்ந்தது.

"ஐயோ, மோசம்தான்" என்றார் என்னைப் பார்த்து. இத்தனை கிழமைக்குப் பிறகு ஒருவர் என் பக்கம் பேசியது எனக்குச் சந்தோசமாக இருந்தது.

மேளத்தை வீதிப்பக்கம் நகர்த்தச் சொன்னார். சத்தம் பாதியானது. தடித்த ரப்பர் பாய் ஒன்றைக் கீழே போடச் சொன்னார். இன்னும் குறைந்தது. இனி மெதுவாக அடி, இப்போது வேகமாக அடி என்று கண்ணை மூடிக்கொண்டு தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மனைவியும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசி மட்டும் அவருடைய நெஞ்சில் கிடந்து "கேட்குதா? கேட்குதா?" என்றது, அவர்கள் பாசையில்.

மனைவி கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். "நித்திரை" என்று எனக்குச் சைகை காட்டினாள். போர்வையை எடுத்து மெல்லப் போர்த்திவிட்டாள்.

நான் தொலைபேசியை எடுத்து, "உங்கள் அக்கா நித்திரை" என்று கிசுகிசுத்தேன். தம்பி நம்பாமல் மேலே ஏறி வந்தார். மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தோம். கடை திறந்த நாளிலிருந்து அக்கா நாலு மணித்தியாலத்துக்கு மேல் படுத்ததில்லை என்றார் அவர், தாழ்ந்த குரலில். குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேலே யாரும் குரலை உயர்த்தவில்லை.

எழும்பி வந்தவரின் கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. வெட்கப்பட்டுச் சிரித்தார். "நல்ல கட்டில்" என்றார். பிறகு கடைக்காரியாக மாறி ஒழுங்கு சொன்னார். மேளம் இனி வீதிப்பக்கம், பாய் நிரந்தரம், பாட்டு மூன்று மணிக்குத் தொடங்கும். "மூன்று போதுமா?" என்று கேட்டார். போதும் என்றேன். அவர் பக்கத்தில் இருக்கும்போதே கவுன்சிலுக்கு எடுத்துப் பேசி விசயத்தை முடித்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டரைக்கு மணிக்கூடு வைத்து எழும்புகிறேன். சவரம் செய்து, சேர்ட் போட்டு, மனைவியோடு இறங்கிப் போகிறேன். போன ஞாயிறு அவள் மூன்று பாட்டுக்குத் தொடர்ந்து ஆடினாள். நான் இருந்த இடத்தில் இருந்து கைதட்டினேன். வீட்டுக்கு வரும்போது முழங்கால் நோகுது என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள், இரண்டாவது பாட்டை முணுமுணுத்தபடி.