பாசி பிடித்த தொட்டியும் டீக்கு வைத்த குடமும்

கல்லோடு ஒட்டிக்கொண்டு ஒரு வாரமாகச் சுருங்கிக் கிடந்த அந்த உயிர் மறுபடி விரிந்தது எதனால்? நத்தையாலா, சாக்காலா, ஒரு குடம் நல்ல தண்ணீராலா? இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்றையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டேன். ஒன்றைச் செய்து, பொறுத்திருந்து பார்த்து, பிறகு அடுத்ததைச் செய்திருக்க வேண்டும் என்பது கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் உறைத்தது. பதினொரு வயதில் எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நாளும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பாசி போகாவிட்டால் எல்லாவற்றையும் மணலில் கொட்டிவிட்டுத் தொட்டிக்குள் பிளாஸ்டிக் பூ வைக்கப்போவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார்.

தனுஷ்கோடிக்குப் போகிற வேன்கள் நின்று போகும் இடத்தில் சித்தப்பா டீக்கடை வைத்திருந்தார். ராமநாதபுரத்தில் ஒரு பழைய லாட்ஜை இடித்தபோது அங்கிருந்த கண்ணாடித் தொட்டியைத் தூக்கிவந்து கடை முகப்பில் வைத்தார். வேனிலிருந்து இறங்குகிற பிள்ளைகள் தொட்டியைப் பார்க்க ஓடிவரும், பின்னாலேயே வருகிற பெரியவர்கள் டீ குடிப்பார்கள் என்பது அவர் கணக்கு. கடல் உள்வாங்குகிற வற்று நேரத்தில் பாறை இடுக்கில் பிடித்த இரண்டு மீன்கள் அதில் இருந்தன. மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்டவை. அப்பாவின் நண்டு வலையில் ஏறிவந்த ஒரு கல்லும் இருந்தது. அந்தக் கல்லில்தான் நான் சொல்லும் உயிர் ஒட்டியிருந்தது. பூப்போல விரியும், விரலை நீட்டினால் மெல்லக் கவ்வும். பள்ளிவிட்டு வந்ததும் புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் நான் அதற்கு விரலைக் கொடுப்பேன். அது கவ்வும் அந்த ஒரு நொடி, வீட்டில் வேறு யாரும் எனக்குத் தராத மரியாதையாகப் பட்டது.

வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் தினமும் இரண்டு விரல்கடை இறங்கிவிடும். எதிரிலேயே கடல். சித்தப்பா காலையில் ஒரு வாளி மொண்டு வந்து ஊற்றிவிடுவார். வீட்டில் ஒருவருக்கும் இதில் சந்தேகம் வந்ததில்லை. கடலில் பிறந்ததற்குக் கடல் தண்ணீர்தானே வேண்டும்? போதாததற்குத் தொட்டிமேல் நாள் முழுக்க டியூப்லைட் எரிந்தது. வேன் பிள்ளைகள் பன்னைப் பிய்த்துப் போட்டார்கள். ‘சாப்பிடட்டும், சாப்பிடட்டும்’ என்று சித்தப்பா பெருந்தன்மையாக இருந்தார்.

முதலில் கண்ணாடியில் லேசாகப் பச்சை ஏறியது. சித்தப்பா தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தார். மறுவாரம் இன்னும் தடிப்பாக ஏறியது. பிறகு கல்லில் முடிபோல நீள நீளமாகப் பாசி முளைத்து அலையத் தொடங்கியது. சித்தப்பா அசரவில்லை. ஆழ்கடலுக்குள் இப்படித்தான் இருக்கும், இதைப் பார்க்கத்தான் வெளிநாட்டுக்காரன் முங்குகிறான் என்று டீ ஆற்றிக்கொண்டே சுற்றுலா வந்தவர்களிடம் சொல்வார். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அம்மா அப்போது மற்றப் பெண்களோடு கடலில் முங்கிப் பாசி எடுத்து எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அதையும் அவர் விடவில்லை.

“ஒங்கம்மா எதுக்குத்தா மூச்சடக்கி முங்குறா? இங்கன கைய விட்டு அள்ளிட்டுப் போகச் சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாசி மண்டிய கல்லில் அந்த உயிர் சுருங்கி, புளியங்கொட்டை அளவுக்கு ஆகியிருந்தது. விரலை நீட்டினேன், கவ்வவில்லை. மறுநாளும் கவ்வவில்லை. செத்ததை வைத்துக் கும்பிடவா முடியும் என்று கேட்டுவிட்டுத்தான் சித்தப்பா அந்த ஞாயிற்றுக்கிழமைக் கெடுவை வைத்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நான் பாறைப் பக்கம் போனேன். நத்தைகள் ஊர்ந்த இடமெல்லாம் பாசியே இல்லாமல் வழித்துவிட்டாற்போல இருப்பதை முன்பே பார்த்திருந்தேன். பாவாடையில் பதினேழு நத்தைகளைக் கட்டிக்கொண்டு வந்து தொட்டிக்குள் விட்டேன். மீன் காட்டுகிற கடையை நத்தைக் கடையாக்கிவிட்டேன் என்று சித்தப்பா குறைபட்டார்.

செவ்வாய்க்கிழமை டியூப்லைட்டை அணைத்துவிட்டுத் தொட்டியைச் சாக்கால் மூடினேன். வெளிச்சம் படாத அடிப்பக்கத்தில் பாசி பிடித்திருக்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானம். இதற்குச் சித்தப்பாவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

“மூடி வைக்கவா தொட்டி வாங்கியாந்தேன்? எடு சாக்க.”

“எடுக்க மாட்டேன்.”

“யாருகிட்டப் பேசுற தெரியுதா?”

“தெரியும். ஞாயித்துக்கெழம வரைக்கும்னு நீங்கதான சொன்னீங்க? அதுவரைக்கும் இது என் தொட்டி.”

பெரியவர்களிடம் நான் ‘மாட்டேன்’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சாக்கின் முனையை விடவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த வேன் டிரைவர் ஒருவர், பிள்ளை சொல்வதும் சரிதானே என்று சிரித்ததால் தப்பித்தேன்.

புதன்கிழமை சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். பாசி கொஞ்சம் சோர்ந்திருந்தது. அந்த உயிர் அப்படியேதான் கிடந்தது. கண்ணாடி விளிம்பு முழுக்க வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. அப்போதுதான் மாரியூர் நினைவு வந்தது. அம்மா பிறந்த ஊர் அது. போகிற வழியில் உப்பளம் உண்டு. கடல் தண்ணீரைப் பாத்தியில் விடுவார்கள், வெயில் தண்ணீரைக் குடித்துவிடும், மறுபடி கடல் தண்ணீரை விடுவார்கள். சித்தப்பா தினமும் செய்வதும் அதேதான்.

ஓடிப்போய்ச் சொன்னேன்.

“சித்தப்பா, நீங்க மீன் வளக்கல. உப்பு வெளைய வைக்கிறீங்க. ஆவியாப் போறது வெறும் தண்ணிதான், உப்பு உள்ளயே கெடக்கு. நல்ல தண்ணி ஊத்தணும்.”

கடையே சிரித்தது. கடல் மீனுக்குக் குடிதண்ணீர் ஊற்றச் சொல்கிற பிள்ளையை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை.

“மனுசன் குடிக்கவே இல்லாத தண்ணி. அதுல கைய வச்ச, ஒடம்புல தோலு இருக்காது.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவை லாரியில் வரும். கடலிலிருந்து ஈரச்சேலையோடு வந்து அப்படியே வரிசையில் நின்று அம்மாதான் பிடிப்பாள். அதில் ஒரு குடம் கடைக்கு, டீ போட. அந்தக் குடத்தை நாங்கள் யாரும் தொடக்கூடாது. தாகத்துக்குக்கூட.

வியாழக்கிழமை மதியம் சித்தப்பா சாமான் வாங்க ராமேஸ்வரம் போயிருந்தார். பள்ளிக்கூடம் அரைநாளோடு விட்டிருந்தது. கடை பூட்டவில்லை, ஆளும் இல்லை. தொட்டியிலிருந்து வாளி வாளியாக உப்புத் தண்ணீரை எடுத்து மணலில் ஊற்றினேன். பிறகு டீக்கு வைத்த குடத்தைச் சாய்த்து ஒவ்வொரு டம்ளராகத் தொட்டியில் விட்டேன். ஒரேயடியாக ஊற்றினால் மீன் பயந்துவிடும் என்று எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டிருந்தேன். குடம் காலியாக வெகுநேரம் ஆனது. ஒவ்வொரு டம்ளருக்கும் கை தயங்கியது. சாகக்கிடப்பதைக் காப்பாற்றுகிறேனா, நானே கொல்லுகிறேனா என்று தெரியவில்லை. தெரியாமலேயே ஊற்றினேன். பிறகு காலிக் குடத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கணக்கு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் சித்தப்பா வந்து வாசலில் நின்றபடி டீக்கு வச்ச தண்ணி எங்க என்று கேட்டார். கேட்டது அம்மாவிடம், பார்த்தது என்னை. உண்மையைச் சொல்லிவிட்டு, ‘ஆமாம், ஊற்றினேன், உயிர் பெரிதா டீ பெரிதா’ என்று கேட்க நான் வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“நாந்தான் தம்பி. கூட்டப் போனேன், கால் தட்டிச் சாஞ்சிருச்சு.”

“முழுக் கொடமுமா?”

“கொடம் சாஞ்சா பாதியா கொட்டும்?”

சித்தப்பா கடுகடுவென்று ஏதோ சொன்னார். அம்மா இடுப்பில் குடத்தை எடுத்துக்கொண்டு தெருவில் நாலு வீடு ஏறி இறங்கி, ஆளுக்கொரு செம்பாகக் கேட்டு வாங்கிக் கடைக்கு நிரப்பிக் கொடுத்தாள். போகும்போது என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு ஒரே வெற்றிக் களிப்பு. நான் ஊற்றி முடித்த பிறகு அம்மா கடையைக் கூட்டப் போய்க் காலிக் குடத்தைத் தட்டிவிட்டு, தன்னால்தான் கொட்டிவிட்டது என்று நம்பிவிட்டாள். அப்படித்தான் நினைத்தேன். காலிக் குடம் தட்டினால் தரை நனையாது என்பதை யோசிக்கவே இல்லை. அம்மாவையே ஏமாற்றிவிட்ட சாமர்த்தியத்தை எண்ணி எண்ணிப் பூரித்துப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராகக் கடைக்கு ஓடினேன். சித்தப்பா எனக்கு முன்பே வந்து சாக்கை எடுத்துவிட்டு, கையில் பிளாஸ்டிக் பூவோடு நின்றிருந்தார். கல்லில் இருந்த பாசி நாலில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. நடுவில் அது விரிந்திருந்தது. முன்பு இருந்த அளவுக்கு இல்லை, ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத்தான். விரலைக் கொடுத்தேன். கவ்வியது.

அதற்குப் பிறகு சித்தப்பா வேன்காரர்களிடம், எல்லாம் கைராசி, நம்ம கை பட்டால் கல்லும் பூக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார். பிளாஸ்டிக் பூவைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். தினமும் காலையில் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நான் பள்ளிக்கூடம் போனேன்.

இப்போது ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டடி நீளத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. ஏழு வயது மகள் அடம்பிடித்து வாங்கியது. இரண்டு கடல் மீன்கள், சில கற்கள். கற்களில் அதே பச்சை முடி. எத்தனை மணி நேரம் விளக்கு எரிகிறது, எவ்வளவு தீனி போடுகிறோம் என்று நோட்டுப் போட்டு எழுதுகிறேன். எழுதிவிட்டு, எழுதியது சரிதானா என்று மறுபடி பார்க்கிறேன். தண்ணீர் இறங்கினால் ஈடுகட்ட நல்ல தண்ணீர்தான் ஊற்றுகிறேன், அதுவும் அளந்து. ஆனாலும் பாசி போகவில்லை. தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று என் கணவர் சொல்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் அவர் சமையலறையிலிருந்து, நேற்று வாங்கிய கேன் தண்ணீர் பாதியைக் காணோமே என்று கேட்டார். தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. மகள் மூச்சுக்காட்டாமல் கணக்கு நோட்டைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சட்டை முன்பக்கம் முழுக்க ஈரம்.

“நான்தாங்க,” என்றேன். “கை தவறிக் கொட்டிருச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் குரல் எனக்குக் கேட்டது. என் பாவாடையும் அன்று ஈரமாக இருந்திருக்கும். கடலிலிருந்து வந்து வரிசையில் நின்று அந்தத் தண்ணீரைப் பிடித்தவள், அது எங்கே போனது என்று பார்த்ததும் கண்டுபிடித்திருப்பாள். எனக்காகக் கொழுந்தனிடம் பேச்சு வாங்கினாள், நாலு வீட்டில் செம்பு ஏந்தினாள், ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. நான் அவளை ஏமாற்றிவிட்டதாக இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மகள் நோட்டைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். என்னை ஏமாற்றிவிட்ட சந்தோஷம் அவளுக்கு. எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லலாமா, அம்மாவைப் போல வாயை மூடிக்கொள்ளலாமா? கடல் மீன் வளர்த்துப் பழகியவர்கள், பிள்ளை வளர்த்துப் பழகியவர்கள் யாராவது எனக்கு எழுதுங்கள். பாசிக்கு நத்தை முதலா, இருட்டு முதலா, தண்ணீர் முதலா என்பதையும் வரிசைப்படுத்திச் சொல்லுங்கள். இந்தத் தடவை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறேன். தொட்டியைத் தூக்கிப் போடு என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதை நான் கேட்கப்போவதில்லை.