ஐந்து டிவியும் ரிஜெக்ட்

1. கூண்டு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை இருட்டில் உட்கார வைத்தார்கள். ஒரகடம் பக்கத்தில் டிவி கம்பெனி. லைன் முடிகிற இடத்தில் கருப்புத் துணி போட்ட கூண்டு. உள்ளே ஒரு ஸ்டூல். பெல்ட்டில் டிவி வந்து என் முன்னால் நிற்கும். திரை வெள்ளையாகும், கருப்பாகும், பிறகு சிவப்பு, பச்சை, நீலம். குறை இல்லையென்றால் ஓகே ஸ்டிக்கர். இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். ஒரு டிவிக்கு இருபது செகண்ட்.

நான் எட்டாவது வரை படித்தவன். கண் டெஸ்ட் வைத்து எடுத்தார்கள். கண் நன்றாக இருந்தது.

குறை என்பது பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று புள்ளி. படம் மாறினாலும் அது மட்டும் மாறாது. இன்னொன்று லீக். திரை கருப்பாக இருக்கும்போது ஓரத்தில் பின்னால் இருக்கிற வெளிச்சம் கசியும். இரண்டும் இருட்டில்தான் நன்றாகத் தெரியும்.

சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். என்னைவிடச் சின்னவர். முதல் நாள் ஒரு டிவியை அரை நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

“சந்தேகம் வந்தா ரிஜெக்ட் பண்ணிரும் வே. யோசிக்கதுக்கு ஒமக்குச் சம்பளம் இல்ல” என்றார்.

அதன் பிறகு நான் யோசிக்கவில்லை. ஸ்டிக்கரில் என் நம்பர் பதினாலு.

2. குமாரி

குமாரி அதே லைனில் பின்மூடி மாட்டுகிறவள். ஊர் பென்னலூர். அவள் வீட்டுக்காரர் சேகர் லோடு இறக்கும்போது விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஒரு வருஷத்துக்கு எழுந்து நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் குமாரி அவர் பக்கத்தில் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுவாள். திரும்பி வரும்வரை அவருக்கு டிவிதான் துணை. அதுவும் ஒரு நாள் இடி விழுந்ததில் கெட்டுப்போய்விட்டது. அதன் பிறகு அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான்கு நாளாக மனுஷன் பேசவே இல்லை என்று குமாரி கேன்டீனில் சொன்னாள்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடையில் ஆடித் தள்ளுபடி. முப்பத்திரண்டு இன்ச், பல கம்பெனிகளின் போன வருஷ மாடல். ஐந்து பீஸ் மட்டும். கடைசி நாள். மற்ற டிவி எதையும் வாங்கும் அளவுக்கு அவளிடம் பணம் இல்லை. இதை விட்டால் இல்லை.

லைன் முழுக்க ஒரே யோசனை சொன்னது. டிவி பார்க்கத் தெரிந்த ஆள் நம்மிடம் இருக்கிறான், கூட்டிக்கொண்டு போ. இரண்டு பேரும் பர்மிஷன் போட்டுக் கிளம்பினோம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

3. கடை

கடையில் எல்லா டிவியிலும் ஒரே கடலும் ஒரே மீனும் ஓடின. அதில் எந்தக் குறையும் தெரியாது. மீனை நிறுத்தி வெறும் கருப்பு வைக்கச் சொன்னேன். சேல்ஸ்மேன் வைத்தான். மேலே லைட்டை அணைக்கச் சொன்னேன். முடியாது என்றான். கேட்டதில் தப்பில்லை.

குமாரியின் துப்பட்டாவை வாங்கினேன். டிவிக்கும் என் தலைக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு பார்த்தேன். வெளியே யாரோ இன்னா சார் பண்றாரு இவரு என்று கேட்பது காதில் விழுந்தது.

முதல் பீஸ், கீழ் இடது மூலையில் லீக். ரிஜெக்ட்.

இரண்டாவது, மேலே ஒரு சிவப்புப் புள்ளி. ரிஜெக்ட்.

மூன்றாவது பீஸ் எங்கள் கம்பெனி சரக்கு. மூலை அழுந்தி இருந்தது. லாரியில் ஏற்றி இறக்கியதில் ஆகியிருக்கும். ரிஜெக்ட் என்றேன். சேல்ஸ்மேன் டிவியைத் திருப்பிப் பின்னால் இருந்த ஓகே ஸ்டிக்கரைக் காட்டினான். கம்பெனியிலேயே செக் பண்ணி அனுப்பியது என்றான். குமாரி குனிந்து பார்த்தாள்.

“பதினாலு போட்டுக்கீது. உன் நம்பர் தானே-ண்ணா?”

“ஆமா.”

“இப்போ வேணான்றியா?”

“வேணாம்.”

நான்காவதிலும் லீக். ஐந்தாவதில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சந்தேகமாக இருந்தது.

துப்பட்டாவை எடுத்துவிட்டுத் திரும்பினேன். முதல் பீஸை ஒரு புருஷன் பெண்டாட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மற்ற மூன்றும் பில் போடும் இடத்தில் நின்றன. ஒரு குழந்தை ஒன்றின் திரையைத் தடவிக்கொண்டிருந்தது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். குமாரி ஐந்தாவதையே பார்த்தாள். எனக்கு இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும். போர்த்திக்கொண்டு குனிந்தேன். சேல்ஸ்மேன் துணியைத் தூக்கினான்.

“பெரியவரே, கொஞ்சம் தள்ளுங்க. இதுவும் வித்துப்போச்சு.”

4. பஸ் ஸ்டாப்

பஸ் வர நேரமானது. குமாரி கேட்டாள்.

“அந்த மூலைல வெளிச்சம் வருதுன்னியே-ண்ணா. படம் ஓடுறப்போ தெரியுமா?”

“தெரியாது.”

“அந்தப் புள்ளி?”

“கிட்ட போய்ப் பார்த்தா தெரியும்.”

அவள் ரோட்டைப் பார்த்தாள்.

“அவரு எங்கண்ணா கிட்ட போவப் போறாரு” என்றாள்.

பஸ் வந்தது. ஏறினோம்.

அதன் பிறகு ஆவணி, புரட்டாசி. சேகர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. ஆனால் ரிஜெக்ட் குறையவில்லை.

5. பென்னலூர்

தீபாவளிக்கு முன்னால் வாலாஜாபாத்தில் ஒரு கடையில் தள்ளுபடி போட்டார்கள். குமாரி தனியாகப் போய் வாங்கிவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை. லைனில் வேறு ஆள் சொல்லித்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு சேகரைப் பார்க்கப் போனேன்.

ஒரே அறை. ஒரு சுவரோரம் கட்டில், எதிர்ச் சுவரில் டிவி. நடுவில் பத்தடி இருக்கும். சேகர் ஒருக்களித்துப் படுத்துக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்காருவதற்குள் ஸ்கோர் சொன்னார். யார் எப்படி அவுட் ஆனார்கள் என்றும் சொன்னார். நிறையப் பேசினார்.

நடுவில் ஓவர் முடிந்து திரை ஒரு நொடி கருப்பானது. கீழே வலது மூலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு லீக். நான்கு வருஷத்தில் அவ்வளவு பெரிய லீக் நான் பார்த்ததில்லை.

“நீங்க இதுலயே வேலை செய்றவரு. எப்டிகீது-ண்ணா டிவி?” என்று சேகர் கேட்டார்.

குமாரி அடுப்பருகே நின்றாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“நல்லாகீது” என்றேன்.

சேகர் தலையணையைச் சரி செய்துகொண்டு மேட்சைப் பார்த்தார். குமாரி குழம்பைக் கிளறினாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொன்னாள். சாப்பிட்டேன்.

இப்போது லைனில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். டிவி வாங்கத் துணைக்கு வரச் சொல்லி யாராவது கூப்பிடுவார்கள். போங்கள். ஆனால் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். யார் பார்க்கப் போகிறார், எங்கே படுத்துப் பார்ப்பார் என்று பாருங்கள். கடைக்கு அப்புறம் போகலாம்.