அம்மன் மேல போட்ட பழி

எம் புருசன் கோதண்டத்தோட வலது கால மொடக்கினது அம்மன் இல்ல. நான்.

சொல்ட்டேன். தெருவே அம்மன் பண்ணதுன்னு நெனச்சிகினு கீது. அவரும் சாவற வரைக்கும் அப்டித்தான் நெனச்சாரு. எம் புள்ளைங்களும் அப்டித்தான். நீ தான் மொத ஆளு. பக்கத்துல யாரு கீறாங்கன்னு பாத்துகினு படி... எம் மருமவளுக்குக் காது கொஞ்சம் நீளம்.

நான் மூணாங்கிளாசு தாண்டாதவ. எயுத்து கோணலா இருந்தா சிரிச்சிக்கோ. நடந்தத கோணலா சொல்ல மாட்டேன்.

அறுபத்தேழு, அறுபத்தெட்டு வாக்குல நாங்க அம்பத்தூர் ஏரிக்கரையோரம் குடிசை போட்டுகினு இருந்தோம். அதுக்கு முன்ன கயனியில கூலி. எஸ்டேட்டு வந்து கயனிய மூடினப்புறம் அவரு ஒரு இரும்பு வார்க்கற பட்டறையில சேந்தாரு. மண்ணுல அச்சு புடிக்கிற வேல. காத்தால குந்துனா சாயங்காலம் வரைக்கும் குந்தினு இருக்கணும். ரெண்டே வருசத்துல முட்டி ரெண்டும் பால்ல ஊறின பன்னு மாதிரி ஆயிடுச்சி. எனக்கு மணிக்கட்டு. நாலு ஊட்ல பத்துப் பாத்திரம் தேச்சித் தேச்சி வெரலெல்லாம் இஞ்சி மாதிரி திருகிகினு நிக்கும். எங்க ஊட்ல கட்டில் கெடையாது. கிறீச்சு கிறீச்சுன்னு சத்தம் வந்தா நாங்க தான் எயுந்து நிக்கிறோம்னு அர்த்தம்.

வலி கீற ரெண்டு பேர ஒரே குடிசையில போட்டா இன்னா ஆவும்? ஒருத்தர ஒருத்தர் தாங்கிப்பாங்கன்னு நெனைப்ப. நாங்க கடிச்சிகினோம்.

ஆடி மாசம். முட்டி வலி போவணும்னு தீ மிதிக்கிறதா நேந்துகினு, எங்க தெரு அம்மன் கோயில்ல ஞாயித்துக்கெயமை மஞ்சக்கயிறு காப்பு கட்டிகினாரு. அடுத்த ஞாயிறு தீமிதி. காப்பு கட்டினவன் அதுவரைக்கும் கவுச்சி தொடக்கூடாது, சாராயம் தொடக்கூடாது, ஊட்டம்மா மேல கை வெக்கக்கூடாது. கவுச்சியும் சாராயமும் மனுசன் தொடல.

திங்கக்கெயமை வேல உட்டு வந்து கால நீட்டினாரு. அமுக்குமேன்னாரு. என் கையே வீங்கி கீதுய்யான்னேன். எட்டி ஒதச்சாரு. ஒதைக்கத் தெம்பு கீதே, அப்பால எதுக்கு அமுக்கணும்னு கேட்டேன். சொம்பு பறந்து வந்துச்சி. புருவம் கியிஞ்சி கண்ணுக்குள்ள ரத்தம் எறங்கிச்சி.

செவ்வாக்கெயமை என் மொறை. வாங்கின அடிய மட்டும் சொல்லிட்டு போனா இது இன்னா ஒத்துக்கறது? களி கிண்டற கோல எடுத்து அவரு வலது முட்டியில ஒண்ணு வெச்சேன். சரியா வீங்கின எடத்துல. மாடு மாதிரி கத்தினாரு. அந்தக் கத்தல் கேட்டு எனக்கு உள்ள ஜில்லுன்னு இருந்துச்சி. மெய்யாலுமே.

புதங்கெயமை என் மயிர புடிச்சி செவுத்துல மோதினாரு. நான் தோள்பட்டைய கடிச்சேன், வாயெல்லாம் உப்புக் கரிச்சிது. எம் பொண்ணுக்கு அப்ப நாலு வயசு. மொறத்த தலைக்கு மேல கவுத்துகினு மூலையில குந்தினு இருந்துச்சி. ரெண்டு பேரும் அத பாத்தோம்... நிறுத்தல.

வியாயக்கெயமை தான் அது நடந்துச்சி. கோயில் கூழுக்குக் கேவுரு ஏன் அரைக்கலன்னு ஆரம்பிச்சாரு. கை வரலன்னேன். காட்டுன்னாரு. எனக்கு அப்பக் கூட ஒரு நப்பாச பாரு, தடவி உடப் போறாருன்னு. நீட்டினேன். மணிக்கட்ட புடிச்சி ஈரத்துணி புயியற மாதிரி திருகினாரு. மெதுவா. என் மூஞ்சப் பாத்துகினே. உள்ள எலும்பு நறநறன்னுது. அவரு கையில கீற மஞ்சக்கயிறு என் கண்ணுக்கு நேரா ஆடிகினு இருந்துச்சி.

ஒதைச்சத மறந்துருப்பேன். சொம்ப மறந்துருப்பேன். ஆனா எந்த எடத்துல வலிக்குதுன்னு அவருகிட்ட மட்டும் தான சொல்லி வெச்சிருந்தேன்? வேற யார்கிட்ட சொன்னேன்?

வெள்ளிக்கெயமை அவரு பட்டறைக்குப் போனதும் பஸ்ஸ புடிச்சி பூந்தமல்லி நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். முட்டி வலிக்கு எண்ணெ கேட்டேன். அப்டியே சேராங்கொட்ட எட்டு குடுன்னேன். சலவைக்காரங்க துணிக்குக் கருப்பா குறி போடுவாங்களே, அந்தக் கொட்ட. வைத்தியருங்க அத பக்குவம் பாத்து வாத எண்ணெயில சேப்பாங்க. பக்குவம் பண்ணாம தொட்டா தோலு வெந்து பூடும். கடக்காரன் ஒரு மாதிரி பாத்தான். துணிக்குக் குறி போட தான் அண்ணாத்தேன்னு சிரிச்சேன். பொய் சொல்ல எனக்கு என்னிக்குமே மூட்டு வலி வந்ததில்ல.

ஏதோ தெரியாத்தனமா பண்ணிட்டேன்னு மட்டும் நெனைக்காத. கொட்டய நசுக்கறதுக்கு முன்ன என் ரெண்டு கையிலயும் தேங்கா எண்ணெ பூசிகினேன், என் தோலு வேவக் கூடாதுன்னு. அவ்ளோ வெவரம்.

சாயங்காலம் வந்தவரு கிட்ட புது எண்ணெ வாங்கியாந்துகீறேன்னேன். வெக்கப்பட்டாரு. உனக்குக் கை வலிக்குமேன்னு இயுத்தாரு. பரவால்லய்யா, குச்சியில துணி சுத்தித் தடவறேன்னேன். வலது முட்டியில ஆரம்பிச்சேன். மேல, பக்கம், பின்னால மடிப்புல... நல்லா கீதுமேன்னு கண்ண மூடினாரு. அந்த வாரத்துல எங்க ஊட்ல பேசின மொத நல்ல வார்த்த அது. எடது முட்டிக்குப் போறதுக்குள்ள தூங்கிட்டாரு. அதனால அது தப்பிச்சிது.

சனிக்கெயமை அரிப்பு. சொறிஞ்ச கையால மூஞ்சத் தொடச்சாரு, கயுத்த, வயித்த தொட்டாரு. தீ மிதிக்க வேண்டிய ஞாயித்துக்கெயமை காத்தால முட்டி முயுக்கக் கொப்பளம், மூஞ்சியில கொப்பளம், ஜொரம். ரெண்டு நாளு எரிஞ்சி துடிப்பாரு, அப்பால ஆறிடும்... அவ்ளோ தான் என் கணக்கு.

எதுத்த ஊட்டு பொன்னம்மா ஆயா எட்டிப் பாத்துச்சி. எங்க தெருவுல யாருக்கு அம்ம போட்டாலும் அது தான் வந்து பாக்கும். பாத்த ஒடனே அம்மா வந்துகீறான்னு கைய கூப்பிச்சி. அப்பால அவரு கையில கீற கயித்தப் பாத்துச்சி, என் வீங்கின மணிக்கட்டப் பாத்துச்சி.

"காப்போட பொண்டாட்டிய தொட்டியாடா?"

அவரு அப்டியே சரிஞ்சி என் கால் மேல நெத்திய வெச்சி அயுதாரு. ஆறு வருசமா அடிச்ச ஆளு. வாசல்ல தெருவே நின்னுச்சி.

அப்பவே சொல்லியிருக்கலாம். எண்ணெ தான் ஆயா, அம்ம இல்லன்னு. எனக்கு இன்னா தோணுச்சி தெரியுமா? இன்னும் கொஞ்ச நேரம் அயுவட்டும்னு தோணுச்சி.

அம்ம போட்டவனுக்கு மருந்து கெடையாது. டாக்டரு கிட்ட காட்டினா அம்மா கோச்சிப்பா. வேப்பல, மோரு, எளநி, அவ்ளோ தான். கொப்பளம் ஒடஞ்சி புண்ணாச்சி. முட்டி பூசணிக்கா மாதிரி ஆச்சி. வலி தாங்காம கால மடக்கினவரு மடக்கினபடியே கெடந்தாரு. சீழு நாத்தம் வேப்பலய மீறி வந்துச்சி. குடிசையில ஒரு சத்தமில்ல. எம் பொண்ணு மூலைய உட்டு வந்து அவருக்கு வேப்பல வீசிச்சி. என் கை வீக்கம் வடிஞ்சிது. அடி வாங்காத பத்து நாளு... நான் சந்தோசமா இருந்தேன். கேட்டுக்கோ. அவரு காலு சீழு வெச்சி அழுவிகினு கெடந்தாரு, நான் சந்தோசமா இருந்தேன்.

பதினோராவது நாளு அம்ம ஊசி போடற நர்ஸம்மா தெருவுக்கு வந்துச்சி. தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு பூடுவாங்கன்னு தெருவே வாயக் கட்டிகினு இருந்துச்சி. சின்னப் பொண்ணு. எங்க வாசல்ல நின்னு மூக்க சுளிச்சிது.

"உள்ள யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியாம்மா?"

திரும்பினேன். இருட்டுல அவரு தல மட்டும் ஆடுச்சி, வாணாம்னு. அவரு அம்மனுக்குப் பயந்தாரு. நான் யாருக்குப் பயந்தேன்? அந்தப் பொண்ணு பாத்தா ஒரு நிமிசத்துல கண்டுபுடிச்சிடும், இது அம்ம இல்ல, எவளோ வேக வெச்சிகீறான்னு. காலு பொயச்சிக்கும். பொயச்ச காலு அப்பால என் நெஞ்சு மேல தான வரும்?

"யாருமில்லம்மா. கருவாடு காயுது, அந்த வாட"ன்னேன்.

அது போயிடுச்சி. அம்மன் குந்தினு கீற ஊட்ல கருவாடுன்னு எப்டி சொல்லலாம்னு ஆயா என்ன புடிச்சித் திட்டிச்சி. அந்தத் தெரு எம்மேல கண்டுபுடிச்ச குத்தம் அது ஒண்ணு தான்.

அம்ம எறங்கிடுச்சின்னு அவருக்கு மூணு தண்ணி ஊத்தி எயுந்து நில்லுன்னாங்க. காலு நீளல. மடிச்ச கத்தி மாதிரி தொங்குச்சி. ரெண்டு பேரு புடிச்சி இஸ்தாங்க. அவரு போட்ட சத்தத்துக்கு நான் காதப் பொத்திகினு ஏரிக்கரைக்கு ஓடினேன். அதுக்கப்புறம் தான் பெரியாஸ்பத்திரி. உள்ள மூட்டே ஒட்டிகிச்சின்னு சொன்ன டாக்டரு, பத்து நாளு முன்ன வந்திருந்தான்னு ஆரம்பிச்சி பாதியில நிறுத்திட்டாரு.

முப்பத்திரெண்டு வயசு. பட்டறையில சேத்துக்கல. கோலூன்றிகினு கோயில் வாசல்ல கற்பூரம் வித்தாரு. வருசா வருசம் காப்பு கட்ட வர்ற ஆம்பளைங்களுக்கு வேட்டியத் தூக்கி முட்டியக் காட்டுவாரு. பொண்டாட்டிய அடிச்சேன், அம்மா புடுங்கிகினா, ஞாயம் தான்னு சொல்லுவாரு. உன் ஊட்டுக்காரரப் பாத்து எங்க ஆளு அடிக்கிறத உட்டுட்டாருன்னு எத்தினியோ பொம்பளைங்க என் கையப் புடிச்சிகினாங்க. நல்லது தான நடந்துச்சி? நானும் அப்டி சொல்லிப் பாத்துகீறேன். அவரு கோல் சத்தம் வாசல்ல கேக்கற வரைக்கும் நம்புவேன்.

எம்மேல அப்பால ஒரு நாளும் கை வெக்கல. ஒரு தபா என் மணிக்கட்ட மடியில வெச்சி அவரே எண்ணெ தடவினாரு. தடவிகினே கேட்டாரு.

"எனக்காக அம்மாகிட்ட நீ ஒரு வார்த்த கேளேன்மே. நீ கேட்டா கால குடுத்துடுவா."

கேக்கறேன்னேன். திருவேற்காடு, மாங்காடுன்னு கூட்டிகினு போனேன். அவரு வெளிய குந்தினு இருப்பாரு, நான் உள்ள போய் நிப்பேன். இன்னான்னு கேக்கறது? அவ எடுக்கலன்னு அவளுக்குத் தெரியாதா?

முப்பது வருசம் அப்டியே ஓடுச்சி. அவரு போன அன்னிக்கி பாடையில கெடத்தினாங்க. அந்தக் காலு மட்டும் கூடாரம் மாதிரி நின்னுகினு கீது. அமுக்கினாங்க, படியல. தூக்க வந்தவன் ஒருத்தன் முட்டி மேல ரெண்டு கையையும் வெச்சி ஒடம்பு பாரத்த எறக்கினான். வெறகு முறியற மாதிரி ஒரு சத்தம். காலு நீண்டுச்சி.

கடைசியில அம்மா கால குடுத்துட்டாடின்னு பொம்பளைங்கோ கன்னத்துல போட்டுகினாங்க. அப்பால எல்லாரும் என்னப் பாத்தாங்க.

நானும் போட்டுகினேன்.