சல்சாவுக்குப் பக்கவாத்தியம்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குச் சலவைக்கடை வேன் ஓட்டி வந்தவர்தான் ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில் சல்சா வாசிக்கும் ஒரே குழுவின் தலைவர் என்பது ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. அழுக்கு வெள்ளைக் கோட்டுகளை வாங்கிக்கொண்டு, துவைத்ததைக் கொடுத்துவிட்டு, எதையோ பாடிக்கொண்டே போவார். ஒரு நாள் அவர் பாடிய பாட்டுத் துண்டை நான் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டே முணுமுணுத்திருக்கிறேன். படியிறங்கியவர் திரும்பி வந்தார். "வேற ஒண்ணு பாடுறேன். அதையும் பாடிக் காட்டுங்க." காட்டினேன். வாத்தியம் ஏதாவது தெரியுமா என்று கேட்டார். வயலின் என்றேன். மனிதர் கோட்டு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் பேசிக்கொண்டது ஓட்டை ஜெர்மனும் அரை இங்கிலீஷும். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் வயலினுக்கா பஞ்சம்? ஆனால் அவரிடம் வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "நோட்ஸ் எங்கே?" என்றுதான். அவரிடம் தாளே கிடையாது, எல்லாம் வாயில்தான். பாடியதைக் காதால் பிடிக்கிற ஆள் வேண்டும். எனக்கோ வேறு விதமாகப் பாட்டு கற்கலாம் என்பதே இங்கே வந்துதான் தெரியும்.

போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்து, நியூயார்க்கில் வளர்ந்து, அறுபதுகளின் கடைசியில் அமெரிக்கப் பட்டாளத்தோடு எர்லாங்கன் முகாமுக்கு வந்தவர் அவர். சிப்பாய்களின் மன்றத்தில் பாடிப் பெயர் வாங்கினார். பட்டாளம் விடுவித்ததும் ஒரு ஜெர்மன் பெண்ணுக்காகத் தங்கினார். அவள் போய்விட்டாள், இவர் போகவில்லை. கல்யாண வீடுகளில் பல்லைக் கடித்துக்கொண்டு ஜோடி நடனத்துக்கான வால்ட்ஸ் பாட்டுகளைப் பாடினார். சல்சா என்ற பெயரே அப்போதுதான் நியூயார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை இந்த ஊர்க்காரர்கள் ஆட வேண்டும், சிப்பாய்கள் அல்ல, கடைக்காரரும் டீச்சரும் ஆட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். நியூயார்க்கில் அவருடைய அண்ணன் கார் பட்டறை வைத்திருந்தார். வந்து சேர்ந்துகொள் என்று பல வருடங்களாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒத்திகைக்கு முதல் நாள் போனேன். சைக்கிளில் வயலினைக் கட்டிக்கொண்டு என் கணவரும் வந்தார். நின்று வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு ஏது அந்தப் பழக்கம்? வயலின் நுனியைக் கணுக்காலில் ஊன்றி, சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் எனக்குக் கை ஓடும். தரையில் உட்கார்ந்தால் நான் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டேன். தலைவர் யோசிக்கவே இல்லை. காலிப் பீர்ப்பெட்டிகளைக் கவிழ்த்து, மேலே ஒரு பழைய கதவைப் போட்டு, கம்பளி விரித்தார். பட்டுப்புடவையோடு ஏறி உட்கார்ந்தேன். "சாமி ஊர்வலம் எப்போ?" என்றார் கணவர்.

வம்பு அதற்கப்புறம்தான் வந்தது. எனக்குக் கொடுத்த வேலை ரொம்பச் சின்னது. ஒரு குட்டித் துண்டு, அதையே திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். அதன் மேல் அவர் இஷ்டத்துக்குப் பாடுவார். நானோ பக்கவாத்தியமாக வளர்ந்தவள். பாடகர் போகிற இடமெல்லாம் போவது, அவர் சறுக்கினால் சபைக்குத் தெரியாமல் கூடவே சறுக்குவது, இதுதான் நான் கற்ற தர்மம். முன் ஏர் போன வழியே பின் ஏர். அவர் வாயைத் திறந்தால் போதும், துண்டை விட்டுவிட்டு என் வில் அவர் பின்னால் ஓடும். டிரம் வாசித்தவன் தலையில் கை வைத்துக்கொள்வான்.

"ஏன் என் பின்னாடியே வர்றீங்க?" என்றார் தலைவர்.

"நீங்கதானே பாடுறீங்க?"

"ஆடுறவங்க கால் உங்க மேலதான் நிக்குது. நீங்க நகர்ந்தா அவங்க விழுவாங்க. நீங்க அங்கேயே இருங்க. நான் எங்கே போனாலும் திரும்பி வருவேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாடகரைத் தனியாக விடுவது மரியாதைக் குறைவு என்றே எனக்குப் பட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கணவரிடம் பொருமினேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் அவர். அன்று ராத்திரி அவருக்கு ரசம் ஊற்றவில்லை.

அந்த வசந்தத்தில் ஊரின் நடன மண்டபத்துச் சொந்தக்காரி எங்களுக்கு ஒரு ஞாயிறு மதியம் கொடுத்தாள். காப்பியும் கேக்குமாகக் குடும்பங்கள் வந்து ஆடும் நேரம் அது. மதியம் முடியும்போது ஜனம் தளத்தில் ஆடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு ஞாயிறும் உங்களுக்கு, மேஜையில் இருந்தால் பழைய வால்ட்ஸ் குழுவையே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றாள். தலைவர் எங்களிடம் ஒன்றுதான் சொன்னார்: "இதுவும் இல்லைன்னா நான் அண்ணன்கிட்டே போயிடுறேன்."

மதியம் முழுக்க ஜனம் கேக்கைத்தான் பார்த்தது. கடைசிப் பாட்டுக்கு முன்னால் சொந்தக்காரிக்கே மனசு கேட்கவில்லை போல. மைக்கை வாங்கி, இந்த ஆட்டத்துக்குப் பெண்கள்தான் ஆண்களை அழைக்க வேண்டும் என்று அறிவித்தாள். அந்த ஊர் வழக்கம் அது, அழைத்தால் ஆண் மறுக்கக்கூடாது. மருந்துக்கடை அம்மாள் தபால்காரரை இழுத்தாள். கண் மூடித் திறப்பதற்குள் தளம் நிறைந்துவிட்டது. என் துண்டு கிளம்பியது. கால்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

அதைப் பார்த்த சந்தோஷத்தில் தலைவர் தடுமாறினார். வரி மறந்து, தாளத்தில் அரைத் தட்டு முன்னால் வந்து விழுந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்தப் பக்கவாத்தியக்காரருக்கும் தெரியும். என்னைப் பிடி என்று அர்த்தம். என் வில் அவர் பக்கம் சாய்ந்தே விட்டது. எதிரே மருந்துக்கடை அம்மாளின் தடித்த கால்கள் என் துண்டின் மேல் நம்பிக்கையாக நின்றிருந்தன. எனக்கு அழுகை வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, அவரை விட்டுவிட்டு, அதையே வாசித்தேன். அவர் தனியாகத் தவிப்பது காதில் கேட்டது. அதையே வாசித்தேன். அவர் வாயை மூடினார், இரண்டு சுற்று காத்திருந்தார், சரியான இடத்தில் வந்து இறங்கினார். ஆடியவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்னொன்று வேண்டும் என்று கை தட்டினார்கள். இனி ஒவ்வொரு ஞாயிறும் வந்துவிடுங்கள் என்றாள் சொந்தக்காரி.

வாத்தியங்களைக் கட்டி முடித்தபோது தலைவர் மண்டபத்து அலுவல் அறையிலிருந்து அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பானிஷில் பேசிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"வரலைன்னு சொன்னேன். ஏன்டான்னான். இன்னிக்கு மேடையிலே நான் வழி தவறினப்போ, பீர்ப்பெட்டி மேல உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்கூட வர மாட்டேன்னுட்டாங்க, அதனால இனிமே எனக்கு இங்கேதான் ஞாயித்துக்கிழமைன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"குடிச்சிருக்கியான்னு கேட்டான்."