சரோஜினி பாய் டீச்சர் படுத்திருந்த பெஞ்சு

சென்ற வாரம் ஒரு காலையில் சுசீந்திரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் மாணவி சுபா தொலைபேசியில் அழைத்தார். "சார், டீச்சர் விடியக்காலம் தவறிட்டாங்க" என்றார். பேருந்து வந்தது, ஏறினேன். டீச்சரின் வீட்டுக்குப் போக வேண்டியவன், வழக்கம்போல் கோட்டாற்றில் இறங்கிப் பாத்திரக்கடை மாடியிலுள்ள எங்கள் வகுப்பறையைத் திறந்து, சன்னல்களையும் திறந்துவைத்தேன். அதன் பிறகுதான் அன்று அங்கே எனக்கு வேலை ஏதும் இல்லை என்பது உறைத்தது. சுவரோரம் டீச்சரின் பெஞ்சு கிடந்தது. அதன்மேல் ஒரு சிறிய தலையணை.

அந்த பெஞ்சைப் பற்றி அவருடைய மாணவிகளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவரை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதத் தகுந்தவன் நான்தானா என்ற தயக்கம் இன்னும் தீரவில்லை. ஆனால் அந்த வகுப்பில் அவருடன் வேலை பார்த்தவன் நான் ஒருவன்தான்.

நாங்கள் இருவரும் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகும் செவிலியர்களுக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்பு தொடங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு அவர் என் வீட்டுக்கு வந்தார். எனக்கு ஆங்கிலம் எழுத வரும், பேச வராது என்று உள்ளதைச் சொன்னேன். முதுகலைப் பட்டம் பெற்றவன் சொல்லக்கூடிய பேச்சல்ல அது. டீச்சர் சிரிக்கவில்லை. "பேசுக காரியத்த நான் பாத்துக்கிடுகேன் அண்ணாச்சி. எழுத்து உங்க பாடு" என்றார். அப்படியே நடந்தது. நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து மாணவிகள் எழுதியதைத் திருத்துவேன். அவர் பெரிய அறையில் பேசவைப்பார்.

முதல் மாதத்தில் நான் ஒரு பெரிய அட்டை தயாரித்தேன். 'டேக்' என்ற வினைச்சொல்லை நடுவில் எழுதி, அதனோடு சேரும் பெயர்ச்சொற்களைச் சுற்றிலும் வகை பிரித்து எழுதினேன். மாத்திரை, நாடி, ஓய்வு, குளியல், பேருந்து, புகைப்படம், நாற்காலி, பொறுப்பு எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லே போதும். ஆனால் இத்தனையும் ஒரே சொல்லோடு ஏன் சேருகின்றன என்பதற்கு என் பணிக்காலம் முழுவதும் தேடியும் காரணம் கிடைக்கவில்லை. அது என் குறை என்றே நினைத்திருந்தேன். டீச்சரிடம் சொன்னேன்.

"காப்பி போடுகோம், சண்டை போடுகோம், கையெழுத்துப் போடுகோம், கதவுக்குத் தாப்பாள் போடுகோம். ஏன் போடுகோம்னு என்னைக்காவது கேட்டமா அண்ணாச்சி? புழங்கிப் புழங்கி ஒட்டிக்கிட்டு. அவங்களுக்கும் அப்படித்தான். பிள்ளையளும் புழங்கட்டும்" என்றார்.

நெடுங்காலம் சுமந்த ஒரு பாரத்தை அவர் காப்பி குடித்துக்கொண்டே இறக்கிவைத்துவிட்டார்.

அட்டையை அவரே எடுத்துப்போய், பெரிய அறையில் கூரையை ஒட்டி, எதிர்ச்சுவரின் உச்சியில் மாட்டினார். நிற்பவர்களுக்கும் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது எளிதில் கண்ணில் படாத இடம். என் மனம் நோகாமல் அதை ஒதுக்கிவைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை.

அவர் கற்பித்த முறை இதுதான். பெஞ்சில் படுத்துக்கொள்வார். அவர்தான் நோயாளி. மாணவிகள் ஒவ்வொருவராக வந்து ஆங்கிலத்தில் பேசிக் கவனிக்க வேண்டும். தமிழில் நாம் பிரஷர் பார்க்கிறோம், ஊசி போடுகிறோம், மாத்திரையைச் சாப்பிடச் சொல்கிறோம். அதே பழக்கத்தில் அவர்கள் ஆங்கிலத்திலும் பிரஷரைப் 'பார்ப்பார்கள்'. டீச்சர் திருத்த மாட்டார். கையை நீட்டிக்கொண்டு, "நல்லா பாத்துக்க மக்கா. எப்பிடி இருக்கு, கறுப்பா வெளுப்பா?" என்பார். ஊசியைப் 'போட' வந்தவரிடம், "எங்க, தரையிலயா?" என்பார். மாத்திரையைத் தின்னச் சொன்னால் இல்லாத மாத்திரையை நறநறவென்று கடித்து முகத்தைக் கோணுவார். சிரிப்பு அடங்குவதற்குள் யாராவது ஒருத்தி சரியான சொல்லைச் சொல்லிவிடுவாள். அப்படிக் கிடைத்த சொல்லை அவர்கள் மறந்ததில்லை. பக்கத்து அறையில் சிவப்பு மையோடு உட்கார்ந்திருந்த நானும் சிரிப்பேன்.

ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. என்னை நோயாளியாகப் படுக்கச் சொன்னார். நான் கதவருகில் நின்றேன், உள்ளே போகக் கால் வரவில்லை. அவர் வற்புறுத்தவில்லை. "ஒரு நாள் படுப்பிய. அவசரமில்ல" என்றார்.

சுபா மயிலாடியைச் சேர்ந்தவர். அவருடைய கணவர் சிலை செதுக்குபவர். கல்தூசி நெஞ்சில் படிந்ததால் இனி உளியைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சுபாவுக்கு வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை தயாராக இருந்தது. பேச்சுத் தேர்வில் தேறினால்தான் கிடைக்கும். தேர்வாளர் நோயாளியாக நடிப்பார், சுபா செவிலியாகப் பேச வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை அறிமுகமில்லாத முகத்தைக் கண்டதும் வாயடைத்துத் தோற்றுவிட்டார். இந்த முறையும் தோற்றால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். அவருக்காக டீச்சர் கோபக்கார நோயாளி, காது கேளாத நோயாளி, அழுகிற நோயாளி என்று எல்லாமாகவும் நடித்தார். சுபா டீச்சரிடம் நன்றாகவே பேசுவார். "எங்கிட்ட பேசுகா. நான் தெரிஞ்ச முகமாக்கும். அதான் சங்கடம்" என்று டீச்சர் என்னிடம் வருந்தினார்.

தேர்வு நெருங்கும்போது டீச்சருக்கு இதயம் பழுதாகி மருத்துவமனையில் சேர்த்தார்கள். சுபாவும் நானும் பார்க்கப் போனோம். கட்டிலில் சாய்ந்திருந்தவர், "இப்ப நடிக்கண்டாம் அண்ணாச்சி, நெசமாவே நோயாளியாக்கும்" என்றார். சுபா நாடி பார்க்கக் கையைப் பிடித்ததும், ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லி வம்பு செய்தார். புறப்படும்போது என்னைக் கூப்பிட்டார்.

"எல்லா நோயாளியும் நடிச்சாச்சு. பயந்த நோயாளி மட்டும் எனக்கு ஒத்து வரல்ல. அதுக்கு உங்கள விட்டா நாஞ்சில் நாட்டுல வேற ஆளு உண்டுமா?"

சுபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அடக்கம் முடிந்த மறுநாள் சுபா வகுப்புக்கு வந்தார். தேர்வுக்கு அதிக நாள் இல்லை. பெஞ்சைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தேன். செருப்பைச் சுவரோரம் ஒழுங்காக விட்டேன். டீச்சரின் தலையணையில் தலை வைத்துப் படுத்தேன்.

சுபா என் மணிக்கட்டைப் பிடித்தார். "மே ஐ டேக் யுவர் பல்ஸ், சார்?" என்றார். என் கை நடுங்கியது. நடிப்பு ஏதும் இல்லை. "ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்றேன். முன்கூட்டி மனத்தில் எழுதிப்பார்க்காமல் நான் பேசிய முதல் ஆங்கில வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். சுபாவின் முகம் மாறியது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். மூச்சை ஆழமாக இழுத்துவிடச் சொன்னார், அவசரமில்லை என்றார், தான் கூடவே இருப்பதாகச் சொன்னார். எல்லாம் ஆங்கிலத்தில், ஒருமுறைகூட நிற்காமல். தன்னைவிடப் பயந்த ஒருவரை அவர் அந்த அறையில் அதுவரை கண்டதில்லை.

நேற்று திருவனந்தபுரத்தில் தேர்வு முடித்து அழைத்தார். "நோயாளியா நடிச்சது யாரோ வயசான ஆளு சார். குரலைக் கேட்டதும் உங்க கை நடுங்கினதுதான் ஓர்மை வந்துது. முழுசும் பேசிட்டேன்" என்றார். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் சுபாவின் குரலில் பயம் இல்லை.

இன்று காலை அடுத்த அணி மாணவிகள் வருவதற்கு முன்பே போய்ப் படுத்துப் பார்த்தேன், இந்த முறை கண்ணாடியோடு. நேர் எதிரே, சுவர் உச்சியில், என் அட்டையின் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. பெஞ்சில் படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியும்படிதான் டீச்சர் அதை அங்கே மாட்டியிருக்கிறார். அவர் சிரிக்கவைத்துக் கற்பித்த ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

டீச்சர், நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள். படியில் மாணவிகளின் காலடிச் சத்தம் கேட்கிறது. நான் எழுந்திருக்கப் போவதில்லை.